நாலு நாலாய்ப் பதினோரு வருஷம்

ஏழாவது மைலில் இருக்கிற எங்கள் ஊர் ஏழாம் கட்டையில் யாரைக் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்வோம்: சீனப் புத்தாண்டின் மூன்றாம் நாள், காலை பத்து மணி, சியூ லானின் கோப்பிக்கடைப் பின்கட்டு, பாய்மேல் கவிழ்த்திருந்த கிண்ணத்தைப் பவளம் தூக்கினாள், மழையும் இல்லை, காற்றும் இல்லை, தெருநாய்கூட அன்றைக்கென்று வாயைத் திறக்கவில்லை, கிண்ணத்துக்கு அடியில் வழக்கம்போல இரண்டு கைப்பிடி வெள்ளைச் சட்டைப் பொத்தான்கள் இருந்தன, அவள் மூங்கில் குச்சியால் அவற்றை நாலு நாலாய்த் தள்ளத் தொடங்கினாள், தள்ளி முடிக்கப் பதினோரு வருஷம் ஆயிற்று.

அந்த ஆட்டத்துக்குச் சீனர்கள் ஃபான்தான் என்று பெயர் வைத்திருந்தார்கள், நாங்கள் நாலுதள்ளு என்போம். ஈயம் தோண்டக் கப்பலேறி வந்தவர்கள் துணிமூட்டையோடு கட்டிக்கொண்டு வந்த ஆட்டம் அது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை: ஒரு குவியலை நாலு நாலாய் ஒதுக்கிக்கொண்டே போக வேண்டும், கடைசியில் மிஞ்சுவது ஒன்றா, இரண்டா, மூன்றா, நாலா, அதுதான் முடிவு. எங்கள் ஊரில் பாதிப்பேர் சீனர், பாதிப்பேர் தமிழர், ஈயக்குட்டை எல்லோருக்கும் பொது. மற்ற நாள்களில் அந்தப் பின்கட்டில் எதை வைத்து ஆடினார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை, போலீஸ்காரர்களும் கேட்டதில்லை. ஆனால் மூன்றாம் நாள் வேறு. அன்றைக்கு யார் வீட்டுக்கும் போகக் கூடாது, போனால் வாய்ச்சண்டை வரும் என்பது சீனர்களின் நம்பிக்கை. வருகிற சண்டை வரட்டும், இருக்கிற சண்டைகளை அன்றைக்கே தீர்த்துவிடலாமே என்று எங்களுக்கு முந்தியவர்கள் யாரோ யோசித்திருக்கிறார்கள். அதனால் மூன்றாம் நாள் பாய்மேல் காசு வைக்கக் கூடாது, வழக்குதான் வைக்கலாம். ஒருவன் ஒற்றை என்பான், எதிராளி இரட்டை என்பான், மிஞ்சியது எதுவோ அதுதான் தீர்ப்பு, அதற்குமேல் கோர்ட்டும் இல்லை கச்சேரியும் இல்லை.

சட்டம் மூன்று. தொடங்கிய குவியலை முடிக்காமல் விடக் கூடாது. குச்சி பிடித்த கை மாறக் கூடாது. குச்சி பிடித்தவளுக்கு அந்தக் குவியலில் சொந்த வழக்கு இருக்கக் கூடாது.

மூன்றாவதைத்தான் பவளம் மீறினாள், அதுவும் நேர்மையின் காரணமாக. ஈயக்குட்டை வற்றும்வரை இடுப்பளவு தண்ணீரில் நின்று மரத்தட்டில் ஈயம் அரித்தவள், மணலையும் ஈயத்தையும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பாள், அந்தக் கை குச்சிக்குப் பொருந்தும் என்று சியூ லான் அவளை வேலைக்கு வைத்தாள். சியூ லானை நாங்கள் தவுக்கேசோ என்போம், முதலாளியம்மா என்று அர்த்தம், சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவள் பவளத்தைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் இருந்தது. பவளத்தால் பொய் சொல்ல முடியாது. சொன்னால் விக்கல் வரும், சின்ன விக்கல் இல்லை, பஸ் நிறுத்தம்வரை கேட்கும். சின்னப் பிள்ளையில் வெல்லத்தைத் திருடித் தின்றுவிட்டு இல்லை என்று சொன்ன நாளிலிருந்து அப்படித்தான். எண்ணுகிறவளுக்கு இதைவிட நற்சான்று வேறென்ன வேண்டும்?

பவளத்துக்கு அப்போது முப்பத்துநாலு வயது, கிள்ளானில் இருக்கிற தம்பியைத் தவிர யாரும் இல்லை. புத்தாண்டுக்கு முந்தைய வாரம் தையற்காரர் வெங், அவளுக்குத் தைத்த ரவிக்கையை மடித்துக் கொடுக்கும்போது, எங்களைப்போலவே தமிழ் பேசுகிற சீனர் அவர், மேஜையைப் பார்த்தபடி சொன்னார்:

"பவளம், எனக்கும் வீட்டுல யாரும் இல்ல, உனக்கும் யாரும் இல்ல. ஒரே வீட்டுல இருக்கலாமா? கல்யாணம் பண்ணிக்கிட்டுதான் கேக்குறேன்."

பவளம் வாயைத் திறந்து "சரி" என்றாள், விக்கல் வந்தது. "வேணாம்" என்றாள், அதற்கும் விக்கல் வந்தது. "யோசிச்சு சொல்றேன்" என்றாள், அதற்கும் வந்தது, ஏனென்றால் போன தீபாவளியிலிருந்தே அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

வெங் தண்ணீர் கொடுத்தார். "அப்ப என்னாதான் உண்மை?"

"தெரியலயே, வெங்" என்றாள். விக்கல் வரவில்லை.

அதனால் அவள் குவியலிடம் விட்டாள். மூன்றாம் நாள் குச்சியைத் தொடுமுன், ஒற்றை வந்தால் என்ன பதில், இரட்டை வந்தால் என்ன பதில் என்று மனதுக்குள் முடிவு செய்து, சாட்சிக்குத் தவுக்கேசோவின் காதில் மட்டும் சொல்லி, வெங்கைப் பார்த்து "முடிஞ்சதும் சொல்றேன்" என்றாள். தவுக்கேசோ காதைத் துடைத்துக்கொண்டு, இது சட்டப்படி தப்பு என்று முனகினாள். ஆனால் அதற்குள் கிண்ணம் மேலே போய்விட்டது.

மத்தியானம் பன்னிரண்டுக்குக் குவியல் அதே இரண்டு கைப்பிடிதான் இருந்தது. தள்ளிய பொத்தான்கள் பாயை நிரப்பி, தரையை நிரப்பி, வாசற்படி வழியாக உருண்டன. மூன்று மணிக்கு எங்களில் சிலர் சாப்பிடப் போகலாமா என்று கேட்டோம். தீர்ப்பு வரும்வரை வழக்காளி எழுந்து போகக் கூடாது என்பது பழக்கம். நம் ஊரில் பழக்கத்தை யாரும் மீறமாட்டார்கள், வளைப்பார்கள்: ஆள் போகலாம், ஆளுக்குப் பதில் ஒரு செருப்பு இருக்கட்டும் என்று முடிவாயிற்று. ஒற்றைக்காரர்களின் செருப்புகள் பாய்க்கு இடப்பக்கம், இரட்டைக்காரர்களுடையவை வலப்பக்கம். அன்று மாலை பாதி ஊர் ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் மண்ணோடும் வீடு திரும்பியது.

குவியல் ஏன் குறையவில்லை என்று கேட்டோமா என்றால், கேட்டோம், ஒரு வாரம் கேட்டோம். கோயில் பண்டாரம் வந்து பார்த்து, இது சீனச் சாமான், நம்ம சாமிக்கு இதில் வேலை இல்லை என்றார். சீனக் கோயில் பூசாரி வந்து பார்த்து, தள்ளுகிற கை தமிழ்க்கை, எங்கள் சாமிக்கு இதில் வேலை இல்லை என்றார். இருவரும் ஆளுக்கொரு கோப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு, பொத்தான்களை என்ன செய்வது என்பதுதான் எங்கள் கேள்வியாக இருந்தது. தள்ளியதைத் திரும்பக் குவியலில் சேர்க்கக் கூடாது, தவுக்கேசோவோ கடைக்குள் வைக்கவிடமாட்டாள். எனவே சாலைக் குழிகளை நிரப்பினோம், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தோம், வாசலில் அரிசிமாவுக்குப் பதில் பொத்தான் கோலம் போட்டோம், மழை வந்தாலும் அழியவில்லை. வெங் தைத்த சட்டைகளில் பொத்தான் கூடிக்கொண்டே போனது, பதினாறு பொத்தான் வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால், ஏழாம் கட்டைக்காரன் வருகிறான் என்று தூரத்திலேயே கண்டுபிடித்தார்கள்.

வழக்குகள்தான் அந்தரத்தில் நின்றன. சடையன் வீட்டுக்கும் ஆ கெங் வீட்டுக்கும் நடுவேலியில் ஒரு டுரியான் மரம், யாருடையது என்பது வழக்கு. சடையன் இரட்டை, ஆ கெங் ஒற்றை. தீர்ப்பு வரும்வரை இருவரும் பழத்தைத் தொடக் கூடாது, ஆனால் பழம் தீர்ப்புக்குக் காத்திருக்குமா, அது பாட்டுக்கு விழுந்தது. அழுக விடுவது பாவம் என்று ஆளுக்குப் பாதி தின்றார்கள், தின்னும்போது பேசாமல் தின்றார்கள், மூன்றாம் வருஷத்திலிருந்து பேசிக்கொண்டே தின்றார்கள். லோரிக்கார நாகப்பனும் அவன் பெண்டாட்டியும் பிறந்த பெண்ணுக்கு யார் அம்மாவின் பெயரை வைப்பது என்று வழக்கு வைத்திருந்தார்கள். பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டவர்களுக்கெல்லாம் "அப்புறம்" என்று சொல்லிச் சொல்லி, பிள்ளை அப்புறம் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்த்தது. தோற்றவனுக்கு அழத் தெரியும், ஜெயித்தவனுக்கு ஆடத் தெரியும். தோற்றோமா ஜெயித்தோமா என்றே தெரியாதவனுக்கு என்ன தெரியும்? நாங்கள் சிரிக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சிரித்தோம், கோபப்பட வேண்டிய இடத்தில் இருக்கட்டும் பார்க்கலாம் என்றோம், ஒரு வகையில் எங்கள் ஊர் அந்த வருஷங்களில் அமைதியாகத்தான் இருந்தது, ஆனால் அது நல்ல அமைதியா கெட்ட அமைதியா என்று கேட்டால் இன்றைக்கும் தலையைச் சொறிவோம்.

வெங் மட்டும் சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வந்து பாய்க்கு எதிரே உட்காருவார். அவர் செருப்பு வைக்கவில்லை, ஆளே வந்துவிடுகிறாரே. பவளம் தள்ளுவாள், அவர் பார்ப்பார். ஒரு நாள் ஒற்றை வரட்டும் என்று அவள் வேண்டிக்கொள்வாள், மறுநாள் ஐயோ இரட்டையே வரட்டும் என்பாள், தம்பியிடமிருந்து கடிதம் வந்தால் ஒரு மாதிரி, வெங் இருமினால் வேறு மாதிரி. பொழுது சாய்ந்ததும் குச்சியைக் குவியல்மேல் குறுக்காக வைத்துவிட்டு எழுந்திருப்பாள்.

நாலாம் வருஷம் தவுக்கேசோ படுத்த படுக்கையானாள். பார்க்கப் போன பவளத்தைக் கிட்டக் கூப்பிட்டு, "எண்ணுறவ மனசுல வழக்கு இருந்தா குவியலுக்கு அடி இருக்காது, எங்கப்பா சொல்லுவாரு. நான்தான் கிண்ணத்தைப் பிடிச்சு அமுக்கியிருக்கணும்" என்றாள். ரகசியத்தையும் எடுத்துக்கொண்டு மறுநாள் போய்விட்டாள்.

ஐந்தாம் வருஷம் கசினோ எங்களைத் தேடி வந்தது. மேகக் குன்றில் ஹோட்டலும் கசினோவும் கட்டி முடித்திருந்தார்கள், அதன் மேனேஜர் டெரிக் டான் கழுத்தில் டையோடு வந்து, சுற்றுவட்டாரத்துச் சீன ஆட்டங்களையெல்லாம் ஒரே கூரைக்குள் கொண்டுவரப் போகிறோம், முடியாத குவியல் ஒன்று இங்கே இருப்பதாகக் கேள்வி என்றார். தவுக்கேசோவின் மகன் கடையை விற்றுவிட்டுக் கிளம்ப இருந்தான், எங்களுக்கும் பொத்தான் கொட்ட இடமில்லை. ஆனால் குவியலை முடிக்காமல் விடக் கூடாது, கை மாறக் கூடாது. எனவே பாயைக் குவியலோடு சேர்த்து நாகப்பனின் லோரியில் ஏற்றினோம், பவளமும் ஏறி உட்கார்ந்து தள்ளிக்கொண்டே வந்தாள், செருப்புகளைச் சாக்கில் கட்டி வரிசை மாறாமல் பின்னால் வைத்தோம், லோரி தேர்போல மெதுவாக மலையேறியது, வழியெல்லாம் பொத்தான் சிந்தியது. மலைக்கு நடந்து வருகிறவர்கள் வெகுகாலம் அதைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடித்தார்கள்.

உள்ளே குளிர், சன்னல் இல்லை, கடிகாரம் இல்லை. எங்கள் பெரியவர்கள் மரப்பெட்டியில் வைத்து ஆடிய, புள்ளி போட்ட பாய்கவ் ஆட்டக் கட்டைகள் கண்ணாடி விளக்குக்குக் கீழே பச்சைத் துணிமேல் படுத்திருந்தன, கிண்ணத்துக்குள் குலுக்கிய மூன்று பகடைகள் இப்போது கண்ணாடிக் கூண்டுக்குள் தாமாகவே குதித்தன, ஒரு தட்டு தட்டினால் பதில், மறு தட்டுக்கு மறு பதில், யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அங்கே வேலை செய்கிறவர்கள் மேஜையை விட்டு நகரும்போதெல்லாம் கைதட்டி, உள்ளங்கையை விரித்து மேலே இருக்கிற கேமராவுக்குக் காட்ட வேண்டும். பவளமும் காட்டினாள். அவளுக்கு ஒரு சீருடை கொடுத்து, எதையும் ஒளித்துவைக்கக் கூடாது என்பதற்காகப் பைகளை மூடித் தைத்து வரச் சொன்னார்கள். அவள் வெங்கிடம்தான் கொண்டு போனாள். "இவ்ளோ வருஷத்துல பை வச்சுத் தச்சிருக்கேன், இருக்குற பைய மூடித் தைக்கிறது இதான் மொத தடவ" என்று சொல்லிவிட்டு வெங் தைத்துக் கொடுத்தார்.

வெளியூர் ஜனங்களுக்கு நாலுதள்ளு பிடிக்கவில்லை. பதில் இல்லாமல் பத்து நிமிஷம் உட்கார அவர்களால் முடியவில்லை. டெரிக் டான் யோசித்து, மிஞ்சுவது எது என்பதை விட்டுத்தள்ளு, அடுத்த பொத்தானில் இரண்டு ஓட்டையா நாலு ஓட்டையா என்பதற்குப் பந்தயம் கட்டலாம் என்று ஆக்கினார். கூட்டம் மொய்த்தது. ஒரு வழக்குக்காகத் தொடங்கிய குவியலைச் சுற்றி அந்த வழக்கைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் கத்தினார்கள். எங்கள் செருப்புகளுக்குக் கண்ணாடிப் பெட்டி செய்து விளக்குப் போட்டார்கள், போய்ப் பார்க்கும்போது எங்கள் செருப்பா இது என்று எங்களுக்கே மரியாதை வந்தது.

செவ்வாய்க்கிழமை வெங் கடைக்கு விடுமுறை. செவ்வாய்தோறும் காலை பஸ்ஸில் மலையேறி வந்து பவளத்துக்கு எதிரே உட்காருவார், பந்தயம் கட்டாதவர் உட்காரக் கூடாது என்று காவலாளி சொல்ல, பவளம் அவனைப் பார்த்த பார்வையில் அவன் வேறு பக்கம் போய்விட்டான். இப்படியே ஆறு வருஷம். வெங்கின் தலை நரைத்தது. பவளம் தூரத்தைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கினாள். குவியல் மட்டும் இரண்டு கைப்பிடி.

பதினோராம் வருஷத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருக்கும், வெங் சொன்னார்:

"அடுத்த செவ்வாய் நான் வரமாட்டேன், பவளம்."

குச்சி நிற்கவில்லை. "ஏன், ஒடம்புக்கு என்னா?"

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. தைப்பிங்ல எங்கக்கா ஒரு பொம்பளயப் பாத்து வச்சிருக்கா. நல்லவங்களாம். எனக்கு ஊசில நூல் கோக்க முடியல பவளம், கண்ணு தெரியல. யாராச்சும் கோத்துக் குடுக்கணும்."

பேசினால் என்ன வருமோ என்று பயந்ததாகப் பவளம் பிற்பாடு எங்களிடம் சொன்னாள். நாலு தள்ளினாள். இன்னொரு நாலு தள்ளினாள். பொத்தான்களுக்கு இடையில் பாய் தெரிந்தது. பதினோரு வருஷமாக அந்த இடத்துப் பாயை யாரும் பார்த்ததில்லை, மற்ற இடமெல்லாம் வெளுத்திருக்க அங்கே மட்டும் புதுப்பாயின் மஞ்சள். இன்னும் ஒரு நாலு தள்ளினாள். இரண்டு பொத்தான் மிஞ்சியது.

செருப்பின் சொந்தக்காரர்கள் பார்க்காமல் தீர்ப்புச் செல்லாது. போன் வந்தது, பஸ்ஸிலும் லோரியிலுமாக மத்தியானத்துக்குள் ஊரே மேலே வந்துவிட்டது, அத்தனைபேரும் பதினாறு பொத்தான் சட்டையோடு. இரட்டை. டுரியான் மரம் சடையனுக்கு. "இப்ப நான் என்னா செய்யணும்?" என்று அவன் ஆ கெங்கிடமே கேட்டான். பெண்ணின் பெயர் விஷயத்தில் நாகப்பன் பெண்டாட்டி ஜெயித்தாள், இனிமேல் உன் பெயர் அலமேலு என்று மகளிடம் சொன்னாள், பதினோரு வயசுப் பெண் தாயை ஏற இறங்கப் பார்த்து, "நான் அப்புறம்மா" என்றாள். ஜெயித்தவர்கள் செருப்பை எடுத்துப் போட்டுப் பார்த்தார்கள், காலுக்குச் சேரவில்லை.

பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மிச்சமிருந்த வழக்கு நினைவுக்கு வந்தது, கூட்டம் விலகியது, பாய்க்கு இந்தப் பக்கம் பவளம், அந்தப் பக்கம் வெங்.

"ரெட்டை வந்திருக்கு, பவளம்" என்றார் வெங். "ரெட்டைன்னா என்னா வச்சிருந்த?"

பவளம் அந்த இரண்டு பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நினைவில்லை. பதினோரு வருஷமாக இப்படியும் அப்படியும் வேண்டிக்கொண்டதில் எது எதற்கு என்பதே தேய்ந்துபோயிருந்தது, தெரிந்த ஒரே ஆள் மண்ணுக்கடியில் கிடந்தாள்.

"ரெட்டைன்னா... சரின்னு" என்றாள்.

விக்கல் வந்தது. பகடைக் கூண்டுக்கு அந்தப்பக்கம் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

வெங்கின் முகம் வாடியது. "அப்போ வேணாம்னா வச்சிருந்த?"

"ஆமா, வேணாம்னுதான்" என்றாள் அழுகிற குரலில், அதற்கும் விக்கல் வந்தது.

நாகப்பன் பெண்டாட்டிதான், அவளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது, "யாரோ நெனைக்கிறாங்க போல" என்றாள். வெங் போய் ஒரு கண்ணாடிக் கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார், அவசரத்தில் பாதி பாயில் சிந்தியது. பவளம் மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்தாள். மூங்கில் குச்சியை மேஜையில் வைத்தாள், பழக்க தோஷத்தில் கைதட்டி, இரண்டு உள்ளங்கையையும் விரித்தாள், ஆனால் கேமராவைப் பார்க்கவில்லை, வெங்கைப் பார்த்துக் காட்டினாள்.

"எது எதுக்குன்னு எனக்கு மறந்துபோச்சு, வெங்" என்றாள். "ஊசிய எடுத்துட்டு வாங்க, நான் கோத்துத் தாரேன். சரி. கல்யாணத்துக்குச் சரி."

நாங்கள் காத்திருந்தோம். ஒற்றைக்காரர்களும் இரட்டைக்காரர்களும் காத்திருந்தோம், ஒரு காலில் பழைய செருப்பும் மறுகாலில் புதுச் செருப்புமாகக் காத்திருந்தோம், சடையன் ஆ கெங்கின் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான், நாகப்பனின் மகள் அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தாள், எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாத வெளியூர்க்காரர்கள் கட்டிய பந்தயத்தை மறந்துவிட்டுக் காத்திருந்தார்கள், கடிகாரம் இல்லாத அந்த இடத்தில் எவ்வளவு நேரம் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை, பவளமும் தன் தொண்டையில் கைவைத்துக்கொண்டு, வருமோ என்று காத்திருந்தாள்.

வரவில்லை.

டெரிக் டானுக்கு எதையும் சும்மா நம்பிப் பழக்கமில்லை. மேல்மாடிக்குப் போய் நாலு கேமராவிலும் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார், எங்கள் எல்லோருக்கும் முன்னால் நின்று இரண்டு கையையும் விரித்தார், ஒன்றிலும் விக்கல் வரவில்லை என்று சொன்னார்.